பருவந் தவறிய ஆட்டம்

இங்கிலாந்தில், ஒக்ஸ்போட் நகரின் ஓரத்தே ஹெடிங்டன் குவாறி என்னும் ஊர் உளது. கல்லுடைப்போரும் செங்கல் அறுப்போரும் வாழ்ந்த ஊர் அது. அங்கு மொறிஸ் என்றொரு நடனம் ஆடப்பட்டு வந்தது. ஆடவர் அறுவர் இரு வரிசையாக எதிரெதிரே நிற்பர். வெண்ணிற உடை, முழங்காலின் கீழே கொத்துக் கொத்தாக மணிகள், கையிலே வெள்ளைக் கைக்குட்டை, சில ஆட்டங்களிற் கோல்.

பெந்தகோஸ்துத் திருநாட் காலத்தில் ஆடுவதே மரபு. ஆயினும் 1899 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், கொட்டும் குளிரில், அவர்கள் வீதிக்கு வந்தனர். உறைபனியாற் கட்டிட வேலை நின்றுவிட்டது, கூலி இல்லை. நாலு காசு தேடியே ஆட வந்தனர். காலந் தவறி வந்தமைக்கு மன்னிப்பும் கேட்டனராம்!

அயலில் மாமியார் வீட்டில் தங்கியிருந்த இசையாசிரியர் செசில் ஷார்ப் சாளரத்தின் வழியே அதனைக் கண்டார். கொன்சட்டீனா என்னும் சிறு துருத்தி வாத்தியத்தை இசைத்தவர் வில்லியம் கிம்பர், இருபத்தேழு வயதினர், கொத்துவேலை செய்பவர். மறுநாள் அவரை வரவழைத்து, மெட்டுக்களை ஷார்ப் எழுதிக்கொண்டார். அன்று அவர்களுக்கு வேலை கிடைத்திருந்தால் அவர் எதையும் கண்டிரார்.

1911 இல் ஷார்ப் ஆங்கில நாட்டார் நடனக் கழகத்தை நிறுவினார். அவரது ஆடற்குழுவினர் நால்வர் 1916 இல் போரில் மாண்டனர். இசையமைப்பாளர் ஜோர்ஜ் பற்றர்வேத் அவருள் ஒருவர். கிம்பரோ 1961 வரை வாழ்ந்தார். முதுமையிலும் தம்மூர் இளைஞருக்கு அவ்வாட்டத்தைக் கற்பித்து வந்தார்.