கையில் கட்டும் பட்டை மூளையைக் காக்குமா?



இருதய ஆபரேஷனின்போது மூளைக்கு ரத்தம் தடைப்பட்டுப் பக்கவாதம் வருவதுண்டு. 1986-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், நாயின் இருதயத்துக்கு ரத்தத்தை விட்டுவிட்டுச் சில நிமிஷம் நிறுத்திப் பழக்கினால், பின்பு நெடுநேரம் நிறுத்தும்போது சேதம் குறைவதைக் கண்டார்கள். அப்படியானால், ஆபரேஷனுக்கு முன் கையில் பட்டை கட்டி, 5 நிமிஷம் இறுக்கி 5 நிமிஷம் தளர்த்தி வந்தால், தூரத்திலுள்ள மூளையும் இருதயமும் தப்புமா என்று யோசித்தார்கள்.

யோசித்ததோடு நம்பிவிட்டார்களா? இல்லை! ஜெர்மனியில் சுமார் 1400 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு மட்டும் கையை இறுக்கினார்கள். சாவு, மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகக் கேடு இவற்றில் ஒன்றேனும் நேர்ந்தவர்கள், இறுக்கியவர்களில் நூற்றுக்கு 14.3, இறுக்காதவர்களில் 14.6. பலனில்லையென்று 2015-ல் அவர்களே அச்சிட்டார்கள்.

தோழர்களே, கையில் தாயத்துக் கட்டுகிறவர்கள் என்றைக்காவது இப்படி எண்ணிப் பார்த்ததுண்டா?