ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். இவ்வாண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எம்மையும் பேசுமாறு செயலாளர் பணித்தார். எம் கல்வி பத்தாம் வகுப்போடு நின்றது. ஆதலின் இலக்கியம் பேச முற்படவில்லை. கோப்பும் பதிவேடுமே யாம் நாள்தோறும் பழகும் பொருள்கள். அவற்றைப் பற்றியே சில சொல்ல விழைகின்றோம்.

எம் முன்னோர் வாழ்ந்தது சத்தியவேட்டை அடுத்த ஒரு சிற்றூர். 1960-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முடிய அப்பகுதி சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வடவெல்லை வழக்கைத் தீர்க்க அமர்த்தப்பெற்ற படாஸ்கர் அவர்களின் பரிந்துரையை ஒட்டி 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. அதன் முகவரிதான் இருமுறை மாறிவிட்டது.

எம் வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்துத் தாள்கள் தமிழில் உள்ளன. தந்தையார் காலத்துத் தாள்கள் தெலுங்கில் உள்ளன. இக்காலனியில் பிறந்து வளர்ந்த எம் மக்களுக்குத் தமிழ்த்தாளைப் படிப்பதே அரிது. தெலுங்கோ அறவே தெரியாது. “நம் ஊர் எது, அப்பா?” என்று இளையவன் ஒரு நாள் வினவினான். தக்க விடை தேடியே சென்ற விடுமுறையில் சென்னைக்குச் சென்றோம்.

எழும்பூர் நிலையத்தில் இறங்காத இரயில்வேக் குடும்பம் நம்மிடையே இல்லை. அந்நிலையத்தை ஒட்டிச் செல்லும் காந்தி–இர்வின் சாலையில் செந்நிறக் கட்டடம் ஒன்று உண்டு. அதுவே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909-ல் சென்னை ஆவண அலுவலகமாகத் தொடங்கி, 1973-ல் இப்பெயர் பெற்றது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1670 முதல் எழுதி வைத்த ஏடுகள் அங்கே உள்ளன. அத்தனை முறை அவ்வழியே சென்றும் அதனுள் அடியெடுத்து வைத்தது அன்றுதான் முதன்முறை.

வாயிலில் பெயரெழுதிக் கையொப்பமிட்டோம். நோக்கத்தைக் கூறி விண்ணப்பம் கொடுத்தோம். வேண்டும் ஏட்டின் துறை, ஆண்டு, எண் ஆகியவற்றைச் சீட்டில் எழுதித் தந்தால்தான் ஏடு வெளியே வரும். பார்சல் அலுவலகத்தில் சீட்டின்றிச் சரக்கு வெளிவாராதன்றோ? இங்கும் அங்ஙனமே. காத்திருக்கையில் சுற்றிலும் நோக்கினோம். கல்லூரி மாணவியர் சிலர், வெள்ளைத் தலைப்பாகை அணிந்த முதியவர் ஒருவர், வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருவர் ஆகியோர் அமர்ந்திருந்தனர். மின்விசிறியின் ஒலியும் தாள் புரளும் ஒலியும் தவிர வேறொலி இல்லை. அனைவர் கையிலும் பென்சிலே இருந்தது. நூறாண்டுத் தாளின்மீது ஒரு துளி மை சிந்தினால் அதனைத் துடைக்க வல்லார் யார்?

நாடாவால் கட்டிய கிராம நிலவரிப் பதிவேடு எம்முன் வந்தது. சர்வே எண், நன்செய் புன்செய் என்னும் வகை, பாசனம், ஏக்கரிலும் சென்ட்டிலும் பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று கட்டங்கள் வரிசையாக இருந்தன. எம் பாட்டனார் உழுத ஏரிக்கீழ்க் கழனியைக் கண்டுகொண்டோம். தந்தையார் கூறிய அளவு ஒரு சென்ட்டும் பிசகவில்லை. ஆனால் பெயர்க் கட்டத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. எத்தாளைப் புரட்டியும் பாட்டனார் பெயர் இல்லை. அவர் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்.

அன்பர்களே! இது பதிவேடு எழுதியவர் குற்றமன்று. தீர்வை செலுத்துவோர் பெயரே அரசுக்கு வேண்டியிருந்தது, அது எழுதப்பட்டது. ஏர் பிடித்தவரும், நாற்று நட்ட பெண்டிரும், ஏரிக்கரையை உயர்த்தியவரும் எக்கட்டத்திலும் அடங்கவில்லை. அரசின் ஏடு தனக்கு வேண்டியதை மட்டும் நினைவில் கொள்ளும். எஞ்சியதை நினைவில் கொள்ள வேண்டியவர் யார்? நாமே அல்லமோ?

புதுவை ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதி வந்தார். 1761-ல் அவர் மறைந்தார். 1846-ல் அது கண்டெடுக்கப்பட்டது. பின்னர் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாகச் சென்னையில் அச்சேறிற்று. அத்தொகுதிகளில் பலவற்றைப் பதிப்பித்த டாட்வெல், எழும்பூர்க் காப்பகத்தின் காப்பாளராக இருந்தவரே. தனி ஒருவர் எழுதியதாயினும் அழியாமல் இருந்தமையால் அது நாட்டின் வரலாறாயிற்று.

நம் காலனியை எண்ணிப் பாருங்கள். அலுவலகக் கோப்பில் குடியிருப்பின் எண் இருக்கும். வாடகைப் பிடித்தம் இருக்கும். அவ்வீட்டில் வாழ்ந்தவர் எவ்வூரிலிருந்து, எந்தப் பஞ்சம் பிழைக்க வந்தார் என்பது இராது. இரவுப் பணிக்குச் சென்ற கணவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த அம்மையார் பெயரும் இராது.

ஊர் திரும்பியதும் பாட்டனார், பாட்டியார் பெயர்களையும், கழனியின் சர்வே எண்ணையும், ஊர் மாநிலம் மாறிய நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி இளையவன் கையில் கொடுத்தோம். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

ஆதலின் இச்சங்கத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். குடும்பத்துக்கு இரண்டு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள். முன்னோர் பெயர், ஊர், வந்த ஆண்டு, செய்த தொழில் ஆகியவை போதும். பெண்டிர் பெயரை விடாதீர்கள். சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகளையும், மலர்களையும், நிழற்படங்களையும் கரையான் அண்டாத இரும்பு அலமாரி ஒன்றில் வைப்போம். மின்படியும் எடுத்து வைப்போம். பழைய கடிதங்களைச் சிறார் தமிழ் வகுப்பில் படிக்கச் செய்வோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் இப்பணி தொடங்குமாயின் இன்று யாம் பேசியதன் பயன் கிட்டியதாகக் கொள்வோம்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!