மண்ணீரலைக் காட்டும் ஒலி அலை



பால் வெட்டும் கத்தி விரலைக் கீறினால், குருதி சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. சிலருக்கோ அது எளிதில் நிற்பதில்லை. அடிபடாமலே தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. வேறு சிலருக்கு உடல் வெளுத்து, கண் மஞ்சளாகி, சில மரங்களை வெட்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, வழிதவறி நம் குருதியணுக்களையே தாக்குவதாலும் இவ்வாறு நேர்வதுண்டு. அதனை ஆராயும் மருத்துவர், மண்ணீரலையும் ஒலி அலைப் படமாகப் பார்க்க விரும்பலாம்.

மண்ணீரல் இடப்பக்க விலா எலும்புகளின் அடியில் உள்ளது. கைப்பிடியளவான அதன் எடை ஏறத்தாழ 150 கிராம். கொட்டகையில் பாலைச் சல்லடையில் வடிப்பதுபோல, அது குருதியை வடிகட்டி, முதிர்ந்த அணுக்களை அகற்றுகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களுக்கும் உறைவிடமாகிறது.

1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், பின்னர் தோட்டப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்துள்ளது என்று கணக்கிட்டு, மலேரியாவின் கடுமையை அளந்தார். அன்று கையே கருவி. ஆயினும், மண்ணீரல் நன்கு பெருத்த பின்னரே கைக்குத் தட்டுப்படும். அல்ட்ராசவுண்ட் கருவியோ சிறு வீக்கத்தையும் காட்டிவிடும்.

இச்சோதனையில் ஊசியில்லை, வலியில்லை, எக்ஸ்ரே கதிருமில்லை. விலாவில் பசை தடவிக் கருவியை வைத்தால், செவிக்கு எட்டாத ஒலி உள்ளே சென்று எதிரொலித்துத் திரையில் படமாகிறது. பெரியவர்களின் மண்ணீரல் பொதுவாக 12 சென்டிமீட்டர் நீளத்திற்குள் இருக்கும். உயரமானவர்களுக்குச் சற்றுக் கூடலாம்.

உடலே தன் சிவப்பணுக்களை அழிக்கும் சோகையில் மண்ணீரல் பெருக்கலாம். நெடுநாள் முடக்குவாதத்தில் சிலருக்கு மண்ணீரல் பெருத்து, வெள்ளணுக்கள் குறைவதுண்டு. ஆனால், குருதித் தட்டணுக்களை உடலே அழிக்கும் நோயில் அது பெரும்பாலும் பெருப்பதில்லை; நன்கு பெருத்திருந்தால், மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். மலேரியா, தலசீமியா, கல்லீரல் நோய் ஆகியவற்றாலும் அது பெருக்கக்கூடும். எனவே, படம் அளவைக் கூறுமேயன்றி நோயின் பெயரைக் கூறாது. குருதிச் சோதனையும் உடன் வேண்டும். படம் சரியாக இருக்கிறது என்பதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

மண்ணீரல் பெருத்தவர்கள் வயிற்றில் அடிபடாமல் காத்துக்கொள்ள வேண்டும். பந்தாட்டத்தைத் தவிர்க்க வேண்டும். அடிபட்டபின் இடப்பக்கம் வலித்து மயக்கம் வந்தால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உள்ளே குருதி கசியக்கூடும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் உரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் காய்ச்சல் கண்டால் ஒருநாள்கூடக் காத்திருத்தல் ஆகாது.

ஒரு நாள் கூலி போகுமே என்று சோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். போன கூலியை மறுமாதம் ஈட்டலாம். போன உயிரை ஈட்ட இயலாது.