பன்றிப் பண்ணையும் வகைக்கெழுச் சமன்பாடும்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பன்றியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு கேட்குது. நானும் அந்த வரிசைக்காரன்தான். வகைக்கெழுச் சமன்பாட்டு வகுப்பில் "இதெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டவன். அதற்கான பதில் பல வருடம் கழித்து, நெதர்லாந்துப் பன்றிப் பண்ணைகளைப் பற்றிப் படித்தபோது கிடைத்தது.

1997 பிப்ரவரியில் அங்கே 'கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர்' கண்டுபிடிக்கப்பட்டது. மனிதருக்குத் தொற்றாது, பன்றிக்கு வந்தால் பண்ணையே காலி. கண்டுபிடித்தபோது வைரஸ் வந்து பல வாரம் ஆகியிருந்தது. ஜெர்மனி போய் வந்த, சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத லாரி ஒன்றின் மீதுதான் சந்தேகம். பன்றியா நடந்து போய் அடுத்த பண்ணைக்கு நோய் கொடுக்கும்? லாரியும் ஆட்களும்தான் கொண்டு போவார்கள்.

கணக்கின் அடிப்படை 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் தந்தது. நோயுள்ளவை, நோய் வரக்கூடியவை, ஒரு மாறிலி: மூன்றையும் பெருக்கினால் புதிய தொற்றின் வேகம். இங்கே பண்ணையையே ஓர் அலகாக வைத்தார்கள். ஒரு நோய்ப் பண்ணை சராசரியாக எத்தனை பண்ணைக்குக் கொடுக்கும்? நோய் தெரியாமலிருந்த வாரங்களில் ஏறக்குறைய 7 என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஒன்று, ஏழு, நாற்பத்தொன்பது, முந்நூற்று நாற்பத்து மூன்று. கூட்டிப் பாருங்க, சரியாக 400! போக்குவரத்தை நிறுத்தி, நோய்ப் பண்ணைகளை அழித்த பிறகும் அந்த எண் ஒன்றுக்கு மேலேயே நின்றது. நோய் காணாத அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் முன்கூட்டியே காலி செய்த பிறகுதான் கீழே இறங்கியது.

கன்ட்ரோல் பேப்பர் எழுதியவர்களுக்கு 'டெட் டைம்' ஞாபகம் இருக்கும். மீட்டர் காட்டுவது பழைய செய்தி; நாம் வால்வைத் திருப்புவதற்குள் கொதிகலன் எங்கோ போயிருக்கும். அதே கதைதான்.

1998-இல் ஓய்ந்தபோது நோய் கண்ட பண்ணைகள் 429. கொல்லப்பட்ட பன்றிகளோ ஏறக்குறைய ஒரு கோடி! பெரும்பாலானவற்றுக்கு நோயே இல்லை. வெளியே அனுப்பத் தடை. உள்ளே குட்டிகள் வளர்ந்துகொண்டே இருந்தன. கொட்டிலில் இடமில்லை என்பதற்காகவே லட்சக்கணக்கில் கொன்றார்கள். தடுப்பூசி இருந்தும், ஏற்றுமதிச் சந்தையை நினைத்துப் போடவில்லை.

எனக்கு உறுத்துவது இதுதான். குட்டி வளரும், இடம் போதாது என்பது எந்தப் பண்ணைக்காரருக்கும் தெரியும். நான் சொன்ன சமன்பாட்டில் அதற்கு ஓர் உறுப்புகூடக் கிடையாது. மாணவர்களே, அதைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்; கஷ்டமில்லை, இரண்டாம் ஆண்டுக் கணக்கே போதும்.