இரு அவைகளும் நம் வாக்கும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் மரபு. ஆயினும் இன்று ஆட்சிமுறை பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மிடையே, “தமிழருக்காகச் சட்டமன்றத்தில் பேசுவோர் யார்?” என்னும் வினா எழுந்தவண்ணம் உள்ளது. இதற்கு விடை காண வேண்டுமாயின், சட்டமன்றம் மக்களை எவ்வாறு பகுத்து உறுப்பினரைப் பெறுகின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

மகாராட்டிரச் சட்டமன்றம் ஈரவை உடையது. இந்தியாவில் இன்று ஆறு மாநிலங்களிலேதான் இம்முறை உளது. பேரவைக்கு 288 உறுப்பினர். மேலவைக்கு 78 உறுப்பினர். பேரவை நிலத்தால் மக்களைப் பகுக்கின்றது. தாராவி ஒரு தொகுதி. அது தாழ்த்தப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்டது. செம்பூர் ஒரு தொகுதி. மாட்டுங்கா வட்டாரமோ வடாலா முதலிய அண்டைத் தொகுதிகளில் அடங்குகின்றது. இங்கெல்லாம் வாழும் தமிழர் ஒரே மொழியினர் எனினும், பேரவையைப் பொறுத்தவரை வேறு வேறு தொகுதியினர்.

மேலவையின் கணக்கு வேறு. அதன் 78 இடங்களில் 30 இடங்களைப் பேரவை உறுப்பினர் நிரப்புகின்றனர். 22 இடங்களை மாநகராட்சி முதலிய உள்ளாட்சி மன்றத்தினர் நிரப்புகின்றனர். பட்டதாரிகள் 7 பேரையும் ஆசிரியர்கள் 7 பேரையும் தேர்ந்தெடுக்கின்றனர். எஞ்சிய 12 பேரை இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகிய துறைகளிலிருந்து ஆளுநர் நியமிக்கின்றார். பேரவை “நீ எங்கு வாழ்கின்றாய்?” என்று வினவுகின்றது, மேலவை “நீ என்ன கற்றாய், என்ன தொழில் புரிகின்றாய்?” என்று வினவுகின்றது. “உன் தாய்மொழி யாது?” என்று இரண்டுமே வினவுவதில்லை. மொழிக்கென ஒரு தொகுதி இந்நாட்டில் இல்லை. நாம் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

செம்பூரில் வாழும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் குடியிருப்பவர் என்ற முறையில் பேரவைக்கு வாக்களிக்கின்றார். பட்டதாரி என்ற முறையிலும் ஆசிரியர் என்ற முறையிலும் மேலவைக்கு இரு வாக்குகள் அளிக்கலாம். தாராவியில் தோல் தொழில் புரியும் பள்ளி காணாத அன்பருக்கோ பேரவை வாக்கும் மாநகராட்சி வாக்கும் மட்டுமே. இது நேர்மையா என்று கேட்போர் உளர், கேட்பது முறையே. ஆதலினால்தான் அரசியலமைப்பு இறுதி வலிமையைப் பேரவையிடமே வைத்தது. பண மசோதாவை மேலவை 14 நாள்களே தன்பால் வைத்திருக்கலாம். பிற மசோதாக்களை முதன்முறை மூன்று திங்களும், பேரவை மீண்டும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு திங்களும் தாமதிக்கலாம். தடுத்து நிறுத்த இயலாது. கற்றோர் அவை அறிவுரை கூறலாம். முடிவு கூறுவது எல்லோரும் வாக்களித்து அமைத்த அவையே.

நம்மை ஆள்வோர் நம்மைப் போன்றோராகவே இருத்தல் வேண்டுமோ? சென்னை மாவட்டப் பட்டதாரிகள் தொகுதியில் வென்றவர் பட்டதாரி அல்லர் என்று வழக்கு எழுந்தது. வாக்காளர் பட்டதாரியாக இருத்தல் வேண்டும். வேட்பாளர் அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 1972இல் தீர்ப்பளித்தது. இம்மும்பையிலும், சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தமிழ்ச்செல்வன் என்னும் தமிழர் பேரவைக்குச் சென்றார். தமிழர் வாக்கு மட்டுமா அவரை அனுப்பிற்று? மராத்தியரும் பஞ்சாபியரும் பிறரும் வாழும் தொகுதி அது. பேராளர் யாராயினும் தம்மை அனுப்பிய அனைவர்க்கும் கடமைப்பட்டவர். ஆகவே நம்மவர் அங்கு உளரா என்பதினும், நம் பெயர் வாக்காளர் பட்டியலில் உளதா என்பதே பெரிது.

இங்கேதான் நம் குறை இருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை காணும் நெல்லைச் சிற்றூரில் வாக்குரிமையை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் வாழும் தெருவில் வாக்கற்றவராய் இருப்போர் நம்மிடையே உளர். ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே பதிவு பெறலாம் என்பது சட்டம். அதுவும் வழக்கமாக வாழும் இடத்திலேயே. தாராவி மறுசீரமைப்பில் யார்க்கு எங்கு வீடு என்பதும், மாநகராட்சியின் தமிழ்ப்பள்ளிகள் நிலைக்குமா என்பதும் மும்பையிலேதான் முடிவு செய்யப்படுகின்றன, நெல்லையிலன்று.

பட்டதாரிகளுக்கும் ஒன்று கூறுவோம். தமிழகத்தில் மேலவை 1986 நவம்பர் முதல் நாள் ஒழிந்தது. அதன்பின் அங்கிருந்து வந்த இளைஞர் இவ்வாக்குரிமையை அறியாதிருத்தல் இயல்பே. பேரவைக்குரிய பட்டியலில் ஒருமுறை சேர்ந்த பெயர் தொடர்ந்து நிற்கும். பட்டதாரிகள், ஆசிரியர்கள் பட்டியலோ ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக எழுதப்படுகின்றது. முன்பு வாக்களித்தவரும் மீண்டும் விண்ணப்பித்தல் வேண்டும். பட்டம் பெற்று மூன்றாண்டு நிறைந்தவர் இதற்கு உரியவர். மும்பையின் அவ்விரு தொகுதிகளுக்கும் 2024 ஜூனில் தேர்தல் நடைபெற்றது. மேலவை உறுப்பினரின் பதவிக்காலம் ஆறாண்டு. எனவே அடுத்த தேர்தல் 2030இல் வரும்.

சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் ஒன்றே. நூலகத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை இடுங்கள். விண்ணப்பத் தாள்களை வைத்து, எழுத அறியாதார்க்கு எழுதிக் கொடுக்க இரு இளைஞரை அமர்த்துங்கள். தாராவித் தொழிலாளியின் பெயரும் செம்பூர் ஆசிரியையின் பெயரும் அவரவர்க்குரிய பட்டியலில் ஏறுமாயின், அதுவே இவ்வாண்டில் சங்கம் செய்த நற்பணியாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நாம் வாழும் இந்நகர்!