கியூப் உடைந்த அன்று யாரிடம் கேட்பது?



இன்று பொறியியல் பட்டம் பெறும் உங்களுக்கு, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் சைட் என் பொறுப்பில் இருந்தது. முதல் மாடி ஸ்லாபுக்கு எம்20 கான்கிரீட். வலிமையைச் சோதிக்க அதே கலவையில் வார்த்த கியூப்களை இருபத்தெட்டாம் நாள் உடைத்தபோது, இருபதைத் தாண்ட வேண்டிய வலிமை பதினைந்து, பதினாறிலேயே நின்றுவிட்டது. அதற்குள் அடுத்த மாடிக்கு சென்ட்ரிங் அடித்து முடித்திருந்தார்கள். "கியூப் போட்ட பையன் சரியாகக் குத்தவில்லை, ஸ்லாப் நன்றாகத்தான் இருக்கிறது, ரிப்போர்ட்டை மாற்றி எழுது" என்றார்கள் மேலிடத்தில். அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பிழை கியூபிலா ஸ்லாபிலா என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அந்த வாரம் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் கிளையில் ஒரு மாலைப் பேச்சுக்கு நண்பர் அழைத்துப் போனார். பேச்சு எதைப் பற்றி என்பதுகூட இப்போது நினைவில் இல்லை. முடிந்தபின், பொதுப்பணித்துறையில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கோர் எடுத்தியாப்பா?" என்று கேட்டார். கான்கிரீட்டுக்கான தர விதிநூல் ஐ.எஸ். 456 சொல்வதை விரல்விட்டுச் சொன்னார்: சந்தேகப்படும் பகுதியில் குறைந்தது மூன்று இடத்தில் துளைத்து கோர் எடுக்க வேண்டும். அவற்றின் சராசரி வலிமை, கியூபுக்கு ஈடாகக் கணக்கிட்டால், அந்த கிரேடுக்குரிய வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. மறுநாள் அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் சொல்லைக் கேட்காதவர்கள் ஐ.எஸ். எண்ணைப் பார்த்ததும் கேட்டார்கள். ஸ்லாபின் ஒரு பகுதி தேறியது. இன்னொரு பகுதியை இடித்தோம்.

கல்லூரியில் அந்த விதியைப் படிக்காமல் இல்லை. தேர்வில் எழுதியும் இருக்கிறேன். தேவைப்பட்ட இரவில் அது நினைவுக்கு வரவில்லை. நாற்பது வருடம் கான்கிரீட்டோடு வாழ்ந்த ஒருவருக்கு உடனே வந்தது. பொறியாளர் சங்கம் தன் உறுப்பினருக்கு என்ன தருகிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். அடையாள அட்டையும் சான்றிதழும் அதற்குப் பிறகு.

அந்த இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் 1920 செப்டம்பரில் பதிவு செய்யப்பட்டது நம் சென்னையில். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. தலைமையகம் இன்றும் அங்கேதான். 1928இல் அது ஒரு காரியம் செய்தது. கல்லூரி வாசலை மிதிக்க வசதி இல்லாதவர்களுக்காகத் தானே ஒரு தேர்வை நடத்தத் தொடங்கியது. ஏ.எம்.ஐ.இ. என்று நாம் சொல்வது அதைத்தான். பகலில் ஒர்க்‌ஷாப்பிலும் துணைமின் நிலையத்திலும் உழைத்துவிட்டு, இரவில் ஏ பிரிவு, பி பிரிவு என்று ஒவ்வொரு தாளாக வருடக்கணக்கில் எழுதித் தேறியவர்கள் பல்லாயிரம் பேர். உங்கள் பெற்றோர்களுக்கு நடுவிலும் அப்படி யாராவது இருந்தால் நான் வியக்க மாட்டேன். ஒரு சங்கம் ஆட்களை ஈர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த வழியை நான் கண்டதில்லை. உள்ளே வருவதற்குத் தகுதி கேட்டது, அந்தத் தகுதியை அடைய ஏணியையும் அதுவே போட்டது.

இன்னும் நூறாண்டு பின்னால் போகலாம். 1818 ஜனவரியில் லண்டன் ஃப்ளீட் தெருவில் கெண்டல் காபி ஹவுஸ் என்ற கடையில் சில இளைஞர்கள் கூடினார்கள். முன்னின்ற ஹென்றி ராபின்சன் பால்மருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். பொறியியலை ஒரு வாத்தியாரிடம் வரிசையாகக் கற்க அன்று வழியில்லை. ஆளுக்குக் கொஞ்சம் தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கற்றுக்கொள்வோம் என்று தொடங்கியதுதான் இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ். முதல் இரண்டு ஆண்டுகள் ஆட்கள் அதிகம் சேரவில்லை. 1820இல், பாலங்களும் கால்வாய்களும் கட்டிப் பெயர் பெற்றிருந்த தாமஸ் டெல்ஃபோர்டைத் தேடிப்போய்த் தலைவராக வரச் சொன்னார்கள். அவர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கூட்டங்களுக்கு வந்தார், தன் புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்தார், 1834இல் இறக்கும்வரை தலைவராகவே இருந்தார். 1828இல் அரச சாசனமும் கிடைத்தது. சங்கத்தை உண்டாக்கியவர்கள் இளைஞர்கள். பெரியவர் ஒருவர் நேரத்தைக் கொடுத்ததும் அது நிமிர்ந்தது. இந்த வரிசையை நாம் மறந்துவிட்டோம் என்பது என் வருத்தம்.

எல்லாச் சமயத்திலும் சங்கம் கைகொடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பார்ட் என்ற விரைவு ரயிலைக் கட்டியபோது, ஓட்டுநர் கையை நம்பாமல் தானே ஓடி நிற்கும் கட்டுப்பாட்டு முறையில் குறை இருக்கிறது என்று மூன்று பொறியாளர்கள் எச்சரித்தார்கள். 1972 மார்ச்சில் அவர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், ஃப்ரீமாண்ட் நிலையத்தில் ரயில் நிற்காமல் தண்டவாளத்தின் முடிவைத் தாண்டி ஓடியது; பயணிகள் காயம்பட்டார்கள். நீக்கப்பட்ட பொறியாளர்கள் தொடுத்த வழக்கில், மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ.இ.இ.இ. 1975இல் நீதிமன்றத்துக்கு எழுதியது: மக்கள் பாதுகாப்பைக் காப்பது பொறியாளரின் தொழில் கடமை, அந்தக் கடமையைச் செய்ததற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று. வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1978இல் ஐ.இ.இ.இ. அந்த மூவருக்கும் விருது கொடுத்தது. சங்கம் அவர்களுக்கு வேலையைத் திருப்பித் தரவில்லை, வந்ததும் தாமதமாகத்தான். ஆனாலும் அன்றுவரை நன்னெறி விதி என்று தாளில் இருந்தது, ஒரு நீதிமன்றத்தின் முன்னால் போய் நின்றது. இப்படி ஒன்றுக்காகத்தான் நான் ஆண்டுதோறும் சந்தா கட்டுகிறேன்.

மாணவிகள் இதைக் கேளுங்கள். 1943இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில், கைக்குழந்தையோடு இருக்கும்போது கணவரை இழந்து, அதன்பின் படிக்க வந்தவர். பட்டச் சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாலை அடித்துவிட்டுப் பெண்பாலைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்தார். 1953இல் லண்டனின் மின்பொறியாளர் சங்கம் அவரை இணை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1964இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு கூடியபோது, இந்தியாவில் அப்படி ஒரு சங்கமே இல்லாததால் தனிப்பட்ட முறையில்தான் போனார். இருபது வருடம் சுற்றிலும் ஆண்களே இருந்த அலுவலகங்களில் வேலை பார்த்த ஒருவர், தன்னைப் போன்ற பலர் நிறைந்த அந்த அரங்குக்குள் முதல் அடி எடுத்துவைத்த கணத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்த மறு ஆண்டே லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார்.

என்னைப் போன்ற மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. இளைஞர்கள் வருவதில்லை என்று கிளைக்குக் கிளை குறைப்படுகிறோம். ஆறு மணிக் கூட்டத்தில் ஏழு வரை பொன்னாடை போர்த்தினால், காலை எட்டுக்கு சைட்டில் நிற்க வேண்டிய பிள்ளை எதற்கு வருவான்? அவனுக்குத் தேவை பதில். எங்களிடம் பதில் இருக்கிறது. அதைக் கேட்க அவனுக்கு நேரம் ஒதுக்காமல் வைத்திருப்பது எங்கள் பிழை.

நான் போகும் கிளையில் ஒரு மாற்றம் செய்தோம். கேள்வி நேரத்தைப் பேச்சுக்கு முன்னால் வைத்தோம். பட்டம் வாங்கிப் போகும் உங்களுக்கும் அங்கே இடம் உண்டு.  சென்ற மாதம் டிப்ளமோ முடித்த ஒரு பெண், அடித்தளத்துக்கு பைல் போடும்போது துளையின் ஓரம் சரிந்துகொண்டே இருக்கிறது, என்ன செய்வது என்று எழுந்து கேட்டாள். பென்டோனைட் கரைசலின் அடர்த்தியைப் பார் என்றார் ஒருவர். இல்லை, கேசிங்கை இன்னும் கீழே இறக்கு என்றார் இன்னொருவர். மூன்றாமவர் எழுந்து மண் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். அவள் அதைத் தொலைபேசியில் வைத்திருந்தாள். முக்கிய உரை தொடங்க ஏழு மணி ஆகிவிட்டது. பேச்சாளர் உட்பட ஒருவரும் எழுந்து போகவில்லை.