விமானம் சொல்லும் காற்றும் மாதிரி சொல்லும் காற்றும்

தலைமை உரை நீண்டால் முதல் அமர்வு உணவு இடைவேளைக்குள் போய் நிற்கும். எனவே நேரே பொருளுக்கு வருகிறேன்.

35,000 அடி உயரத்தில் காற்றின் வேகம் இவ்வளவு என்று வானிலை மாதிரி ஓர் எண்ணைத் தருகிறது. அவ்வழியே பறந்த விமானம் வேறோர் எண்ணைத் தருகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துச் சராசரி எடுத்து, வேறுபாடு சொற்பம், ஆகவே மாதிரி நம்பத்தக்கது என்று முடிக்கும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்துவிட்டோம். இந்தக் கருத்தரங்குக்கு வந்துள்ள கட்டுரைச் சுருக்கங்களிலும் சில அவ்வகையே. அந்த முடிவை அப்படியே ஏற்க என்னால் இயலவில்லை.

காரணம் எளிது. பயணிகள் விமானங்கள் ஆம்டார் திட்டத்தின்கீழ் அனுப்பும் காற்றளவுகள் மாதிரியின் தொடக்கநிலையைத் திருத்தவே பயன்படுகின்றன. நம்மில் பலர் எடுத்தாளும் இ.ஆர்.ஏ.5 மறுபகுப்பாய்வும் அவற்றை உட்கொண்டதுதான். அதே அளவுகளைக் கொண்டு அதனைச் சோதிப்பது, வினாத்தாளை முன்னதாகக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைப்பதற்குச் சமம். விமானத் தரவின் செல்வாக்கு சிறிதன்று. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் 2019இல் அத்தரவு முழுவதையும் நீக்கிப் பார்த்தபோது, விமானங்கள் பறக்கும் உயரங்களில் காற்று, வெப்பநிலை ஆகியவற்றின் குறுகியகால முன்கணிப்பு 15 விழுக்காடு வரை மோசமானது. அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து உலகெங்கும் விமானங்களைத் தரையில் நிறுத்தியது. தரவும் அவற்றோடு பெருமளவு வற்றியது.

நேர்மையான சோதனை நடந்ததில்லை என்பதன்று. 1990களில் டெனன்பாமும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானங்கள் பதிந்துவைத்த அளவுகளை எடுத்துக்கொண்டார்கள். அவை உடனுக்குடன் வானிலை மையங்களுக்குப் போகாதவை, மாதிரி அறியாதவை. ஜெட் காற்றோட்டத்தின் உச்ச வேகத்தை அன்றைய மாதிரிகள் குறைத்தே காட்டின என்பது அப்போது வெளிப்பட்டது. ஒட்டுமொத்தச் சராசரியில் இது தெரியாது. காற்று மெலிந்த பெரும்பரப்பு, வலுத்த சிறுபரப்பின் பிழையை மறைத்துவிடும்.

ஆகவே வேக வாரியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. அதிலும் ஒரு கண்ணி உண்டு. இளைய ஆய்வாளர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு 70 மீட்டருக்கு மேல் என்று விமானம் சொன்ன புள்ளிகளை மட்டும் பொறுக்கினால், கருவி தற்செயலாகக் கூட்டிச் சொன்னவை அதில் அதிகம் சேரும். மாதிரியில் குறையே இல்லாவிட்டாலும் அது பின்தங்கியதாகத் தோன்றும். விமான அளவு, மாதிரி அளவு இரண்டின் சராசரியைக் கொண்டு பிரித்தால் இந்த மயக்கம் பெரிதும் குறையும்.

விமானமும் காற்றை நேரே அளப்பதில்லை. தரையைச் சார்ந்த தன் திசைவேகத்திலிருந்து காற்றைச் சார்ந்த திசைவேகத்தைக் கழித்துத்தான் பெறுகிறது. இரு பெரிய எண்களின் வேறுபாடு அது. நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தின் முகத்திசை ஒரு பாகை தவறினால், குறுக்குக் காற்றில் நொடிக்கு 4 மீட்டருக்கும் மேல் பிழை வரும். நல்லவேளையாக, அந்தத் தவறு மாறாமல் இருந்தால் கிழக்கே போகையில் ஒரு பக்கமும் மேற்கே திரும்புகையில் எதிர்ப்பக்கமும் சாயும். ஒரே விமானத்தின் போக்குவரவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கருவியின் குறை தனியே பிரிந்துவிடும். இந்த வேலையைச் செய்யாமல் மாதிரியைக் குறை சொல்வது அவசரம் என்பேன்.

உயரத்திலும் கவனம் தேவை. விமானிகள் சொல்லும் 35,000 அடி உண்மையில் 238 ஹெக்டாபாஸ்கல் அழுத்தம். அளவுகோல் வைத்து அளந்த உயரம் அன்று. வெப்பமண்டலத்தில் காற்று விரிந்து நிற்பதால் அந்த அழுத்தமட்டம் 35,000 அடியைவிட 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருக்கும். ஜி.பி.எஸ். உயரத்தை எடுத்து மாதிரியின் தவறான அடுக்கோடு ஒப்பிட்டுவிட்டு, மாதிரி தவறிவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். மாதிரியின் கட்டங்களுக்கு இடையேயான இடைவெளியும் இத்தகையதே. இ.ஆர்.ஏ.5இன் 31 கிலோமீட்டரை விமானம் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் கடந்துவிடும். ஒரு நொடியின் அளவை அந்தப் பரப்பின் சராசரியோடு மோதவிடுவது முறையாகாது.

நம் வானத்துக்கு வருகிறேன். 1958இல் பி. கோட்டேஸ்வரம் விவரித்த வெப்பமண்டலக் கீழ்த்திசை ஜெட், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே ஓடுகிறது. அதன் மையம் 150 முதல் 100 ஹெக்டாபாஸ்கல் வரை, அதாவது 14 கிலோமீட்டருக்கும் மேலே. பயணிகள் விமானங்கள் பொதுவாக அதற்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. மீனம்பாக்கம் போன்ற நிலையங்களிலிருந்து ஏறும் பலூன்களும் செயற்கைக்கோள்களுமே அங்கே நமக்கு ஆதாரம். 200 ஹெக்டாபாஸ்கலில் விமானத்தோடு பொருந்தியதைக் காட்டி, பருவக்காற்றின் மேலடுக்கு முழுவதும் சரியாக இருக்கிறது என்று எழுதுவது ஆதாரமற்ற கூற்று. சோதிக்காத இடத்தைச் சோதிக்கவில்லை என்றே எழுதுவோம்.

கட்டுரை வாசிக்கவிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். முதல் வரைபடத்தைக் காட்டுமுன் உங்கள் விமானத் தரவு அந்த மாதிரிக்குள் ஏற்கெனவே சென்றதா, இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாதவர்களை அமர்வுத் தலைவர்கள் நிறுத்திக் கேட்க வேண்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன், முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.